கைமாறும் சீர்த்தட்டு

தைப்பூசத் திருநாளில் சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருள்கிறாள். தங்கைக்குத் தமையன் அளிக்கும் சீராக, தென்புறத்துத் திருவரங்கத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர் திருக்கோயிலிலிருந்து பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் மேளதாளத்துடன் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கின்றன. பிறந்த வீட்டுச் சீருக்குத் தெய்வங்களும் காத்திருக்கின்றன என்பது நம் முன்னோர் கண்ட உறவுநெறி.

அந்நெறியே இல்லங்களிலும் தொடர்கிறது. நிச்சயதார்த்தம், திருமணம், வளைகாப்பு, காதணி விழா என எந்த மங்கல நிகழ்ச்சியானாலும் தட்டுகள் வரிசையாக முன்செல்ல, உறவினர் பின்தொடர்கின்றனர். முற்காலத்தில் அத்தைமாரும் சித்திமாரும் கூடத்தில் அமர்ந்து அடுக்கிய தட்டுகளை இன்று அதற்கென உள்ள சிறு கடைகள் அடுக்கித் தருகின்றன. சீர்வரிசைத் தட்டு, ஆரத்தித் தட்டு, பழக்கூடை, தாம்பூலப் பை ஆகியவற்றை ஆயத்தம் செய்யும் இத்தொழிலைக் கோயில் நகரங்களில் பெரும்பாலும் பெண்களே நடத்துகின்றனர். ஒரு தலைமுறை உழைத்து ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்ட நிலையில், பல கடைகள் இப்போது கைமாறி வருகின்றன.

தட்டை அடுக்கத் தெரிந்தவர்களுக்குத் தொழிலை விற்கவும் வாங்கவும் தெரிந்திருப்பதில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அத்தீவில் நிகழ்ந்த ஒரு கைமாற்றம் இதற்கு நல்ல பாடமாகும்.

இரு பெண்மணிகள்

விற்க முன்வந்தவர் அறுபத்து நான்கு வயது அம்மையார். கணவர் மறைந்த ஆண்டில் இரண்டு மூங்கில் கூடைகளுடன் தொடங்கி, இருபத்திரண்டு ஆண்டுகள் கடையை நடத்தியவர். முழங்கால் வலியால் படியேற இயலாத நிலை வந்தது. பெங்களூரில் பணிபுரியும் மகனுக்குக் கடையில் நாட்டமில்லை. கடையை விற்று வரும் தொகையே முதுமைக்கு ஆதாரம் என்று அவர் எண்ணியிருந்தார்.

வாங்க வந்தவர் முப்பத்தொரு வயதுப் பெண். வீட்டிலிருந்தபடியே ஆரத்தித் தட்டுகள் செய்து அக்கம்பக்கத்தில் விற்றுவந்தவர். தாலிச் சரடு நீங்கலாக மற்ற நகைகளை அடகுவைத்துப் பணம் திரட்டவும், குறைக்கு வங்கிக் கடன் பெறவும் துணிந்திருந்தார். ஒருவருக்கு எஞ்சிய வாழ்நாளின் பாதுகாப்பு. மற்றவருக்கு இருந்த பொன் முழுவதும். இரண்டும் ஒரே துலாக்கோலின் இரு தட்டுகளில் நின்றன.

அம்மையார் கேட்ட விலை எட்டு லட்சம் ரூபாய்.

"சரக்கு மூணு லட்சம் இருக்கும். பெயருக்கு அஞ்சு லட்சம். இருபத்திரண்டு வருஷப் பெயரம்மா இது" என்றார்.

"பெயர் பெரிசுதாம்மா. ஆனா அதை எப்படி எண்ணறதுன்னு எனக்குத் தெரியலையே" என்றார் இளையவர்.

அது நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதற்கு அவர்களுக்கு மார்கழி மாதம் முழுவதும் தேவைப்பட்டது. முகூர்த்தமில்லா மாதமாகையால் கடையிலும் கூட்டமில்லை.

எண்ணக் கூடியவை

முதலில் சரக்கை எண்ணினர். இத்தகைய கடையில் சரக்கு இருவகை. கூடை, வலைத்துணி, நாடா, கண்ணாடித் தாள், செயற்கைப் பூ, அட்டைப் பெட்டி முதலியவை விற்றுத் தீர்பவை. பித்தளைத் தட்டு, குத்துவிளக்கு, மரப்பலகை, பொம்மை முதலியவை வாடகைக்குச் சென்று திரும்புபவை.

விற்றுத் தீர்பவற்றுள் நிறம் மங்கிய நாடாக்களும், பூச்சு உதிர்ந்த கூடைகளும், வேறு மணமக்களின் பெயர் அச்சிடப்பட்டு எஞ்சிய தாம்பூலப் பைகளும் இருந்தன. வாங்கியபோது அவற்றுக்குக் கொடுத்த விலை இப்போது அவற்றின் மதிப்பாகாது. ஓராண்டாக அசையாத சரக்கைத் தனியே ஒதுக்கிவைத்தனர். வாடகைப் பொருள்களில் ஏட்டின்படி இருக்கவேண்டிய பித்தளைத் தட்டுகள் நூற்றிருபது. கடையில் இருந்தவை தொண்ணூற்றெட்டு. எஞ்சியவற்றில் சில வாடிக்கையாளர் இல்லங்களில் இருந்தன. சில எங்கே போயின என்பது அம்மையாருக்கே நினைவில்லை. எல்லாம் கழித்தபின் சரக்கின் மதிப்பு 1,90,000 ரூபாய் என இருவரும் ஒப்புக்கொண்டனர்.

பெயரின் விலை

நற்பெயருக்கும் விலையுண்டு. தணிக்கையாளர்கள் அதனைக் 'குட்வில்' என்பர். அதனைக் கணிக்கும் எளிய வழி ஒன்று உண்டு. ஆண்டு லாபத்திலிருந்து உரிமையாளரின் சொந்த உழைப்புக்கு ஒரு சம்பளத்தைக் கழிக்கவேண்டும். அந்த உழைப்பை வாங்குபவர்தாமே இனி தரப்போகிறார்? எஞ்சுவதே பெயர் ஈட்டித் தந்த லாபம். அதனை இரண்டால் அல்லது மூன்றால் பெருக்கி நற்பெயர் மதிப்பாகக் கொள்வது வழக்கம்.

அம்மையாரின் கையேட்டின்படி ஆண்டு விற்பனை 18 லட்சம், லாபம் 4,20,000. மாதம் 15,000 என உழைப்புக்கு 1,80,000 கழித்தால் 2,40,000. இரண்டாண்டுக்கு 4,80,000. அவர் கேட்ட ஐந்து லட்சம் மிகையன்று என்றே தோன்றியது.

ஆயின் வருமானவரித் துறைக்கு அளித்த கணக்கில் லாபம் 2,60,000 மட்டுமே. அக்கணக்கில் உழைப்புக்குக் கழித்தால் எஞ்சுவது 80,000, இரண்டாண்டுக்கு 1,60,000. ஒரே கடைக்கு இரண்டு ஏடுகள், இரண்டு விலைகள்.

"வரி வந்துடுமேன்னு பயந்து குறைச்சுத்தான் எழுதுவோம். எல்லாரும் அப்படித்தானேம்மா" என்றார் அம்மையார், குரல் தாழ்ந்து.

வேறு வருமானம் இல்லாத அவர் 4,20,000 ரூபாயை முழுமையாகக் காட்டியிருந்தாலும் வரி செலுத்த வேண்டியிருந்திராது. ஐந்து லட்சம் வரையிலான வருமானத்துக்கு முழுத் தள்ளுபடி 2019-20 நிதியாண்டிலிருந்தே நடைமுறையில் உள்ளது. வராத வரிக்கு அஞ்சி அவர் மறைத்த லாபம், முதுமையில் அவருடைய கடையின் விலையையே குறைத்துவிட்டது. வங்கியும் கையேட்டைப் பார்த்துக் கடன் தராது. பதிவான கணக்கையே பார்க்கும். மறைத்துவைத்த வருமானத்தைக் காட்டி விலை கேட்கும்போது, விற்பவரே தம் சொல்லுக்கு எதிர்ச்சாட்சி ஆகிறார்.

வாணிகத்தின் அறத்தைத் திருவள்ளுவர் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது அவர் கருத்து. நடுவு நிலைமை என்பது எடைக்கல்லுக்கு மட்டும் உரியதன்று, ஏட்டுக்கும் உரியது.

இடைவழி

இந்நிலையில் பேச்சு முறிந்திருக்கக் கூடும். இளையவரின் உறவினர் ஒருவர், "மூன்றரை லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தராதே, அவருக்கு வேறு வழியில்லை" என்று அறிவுரை கூறினார். இளையவருக்கு அது உவப்பாக இல்லை. கையேட்டிலுள்ள பெயர்களைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு இல்லங்களில் விசாரித்தார். நாளும் தொகையும் பொருந்தியே வந்தன. கையேடு பொய்யன்று என்று அறிந்தபின் அதனைப் பொய்யெனச் சொல்லி விலையைக் குறைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அதே வேளையில் அடகுவைத்த நகைகளை வெறும் நம்பிக்கையின் மேல் வைக்கவும் இயலவில்லை.

இறுதியில் ஒரு தணிக்கையாளர் கூறிய யோசனையை இருவரும் ஏற்றனர். சரக்குக்கு 1,90,000, பதிவான கணக்கின்படி பெயருக்கு 1,60,000, ஆக 3,50,000 ரூபாய் இப்போது தருவது. கையேடு சொல்லும் மிகுதி 3,20,000 ரூபாயை இரண்டு பகுதிகளாகப் பிரிப்பது. முதலாண்டு லாபம் 4,20,000-ஐ எட்டினால் 1,60,000. இரண்டாமாண்டும் எட்டினால் மேலும் 1,60,000. எட்டாவிடில் அவ்வாண்டுப் பகுதி இல்லை. கையேடு உண்மையானால் அம்மையாருக்கு இழப்பு மிகாது. அன்றேல் இளையவருக்கு நகை மிஞ்சும். வாடிக்கையாளர்களைப் புதியவருக்கு அறிமுகம் செய்துவைப்பதில் அம்மையாருக்கும் அக்கறை பிறக்கும்.

முன்பணம் யாருடையது?

விலையைப் பேசியபின் பலர் மறந்துவிடும் ஒன்றுண்டு. தை, மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்காகப் பதினான்கு குடும்பங்கள் முன்பணம் செலுத்தியிருந்தன. மொத்தம் 62,000 ரூபாய். பணம் அம்மையார் கையில் செலவாகிவிட்டது. தட்டுகளைச் செய்து தரவேண்டியவரோ இளையவர். ஆகவே அத்தொகையை விலையில் கழித்து, 2,88,000 ரூபாய் கைமாறுவதென முடிவாயிற்று. பதினான்கு குடும்பங்களின் பெயர், நாள், தட்டுகளின் எண்ணிக்கை, செலுத்திய தொகை யாவும் ஒப்பந்தத்தின் இணைப்பாக எழுதப்பட்டன.

கல்யாணத் தட்டுக்கு முன்பணம் வாங்குவது மற்ற வாணிகக் கடனைப் போன்றதன்று. முகூர்த்த நாளில் தட்டு வராவிடில், பிறகு பணத்தைத் திருப்பித் தந்து அக்குறையைத் தீர்க்க முடியாது.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

சரக்கு எவ்வளவு, பெயர் எவ்வளவு எனத் தனித்தனியே எழுதுவதா, தொழிலை ஒட்டுமொத்தமாக விற்பதாக எழுதுவதா என்பதைப் பொறுத்து வருமானவரி மாறும். கையொப்பத்துக்கு முன்னரே தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

விற்றவர் அடுத்த தெருவில் அதே தொழிலைத் தொடங்கினால் வாங்கியவரின் கதி என்ன? பொதுவாக ஒருவரைத் தொழில் செய்யாதே எனத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆயினும் நற்பெயரையும் சேர்த்து விற்கும்போது, குறித்த எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என விற்பவர் எழுதிக்கொடுக்க அப்பிரிவே விலக்களிக்கிறது. அவ்வெல்லை நியாயமானதாக இருத்தல் வேண்டும். அம்மையாரின் தங்கை மகள் ஒருத்தி கடையில் உடனிருந்து தொழிலைக் கற்றவள். அவள் தனியே கடை வைப்பதைத் தடுக்க இயலாது. தம் பெயரையோ வாடிக்கையாளர் ஏட்டையோ அவளுக்குத் தருவதில்லை என அம்மையார் எழுதிக்கொடுத்தார்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடையாயின், அப்பதிவு உரிமையாளரின் பான் எண்ணைச் சார்ந்ததாகையால் வாங்குபவர் புதிதாகப் பதிவு பெறவேண்டும். கைமாறும் நாள் வரையிலான வரி நிலுவைக்கு விற்றவரோடு வாங்கியவரும் பொறுப்பாவார் என்பது சட்டம். இதனை அறியாமல் வாங்கி, பிறர் நிலுவையைச் சுமப்போர் உண்டு. இக்கடையில் பதிவு இல்லை. பொருள்களை மட்டும் விற்போர்க்குத் தமிழகத்தில் ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் வரை பதிவு தேவைப்படாதென்பர். ஆனால் தட்டுகளை வாடகைக்கு விடுவது சேவையாகும். அது சேர்ந்தால் வரம்பு 20 லட்சமே. 18 லட்சத்தில் நிற்கும் கடை அடுத்த ஆண்டே அவ்வரம்பைக் கடக்கலாம். கடந்தபின், பலவகைப் பொருள்களை ஒரே விலைக்குக் கட்டித் தரும் கூடை கலப்பு வழங்கலாகக் கருதப்பட்டால், அதிலுள்ள பொருள்களுள் எதற்கு வரி அதிகமோ அவ்விகிதமே கூடை முழுவதற்கும் வரும்.

இனிப்பும் பருப்பும் முறுக்கும் வைத்து விற்போர்க்கு 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். உரிமையாளர் காலமானால் வாரிசின் பெயருக்கு அது மாறலாம்; விற்பனையால் மாறாது. வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பெறவேண்டும்.

கடனைப் பொறுத்தவரை, 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில் பிணையின்றிச் சிறுதொழிற்கடன் கிடைக்கும். சிசு பிரிவில் 50,000 வரையும், கிசோர் பிரிவில் 5 லட்சம் வரையும், தருண் பிரிவில் 10 லட்சம் வரையும் பெறலாம். வங்கிகள் சரக்குக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் எளிதில் கடன் தரும். நற்பெயரின் விலைக்குத் தயங்கும். பெயருக்கான தொகையைத் தம் சேமிப்பிலிருந்தே தர வாங்குபவர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

கோயில் மனை

கடை இருக்கும் இடம் மிக முக்கியமானது. தனியார் கட்டடமாயின் உரிமையாளரின் இசைவுடன் புதியவர் பெயரில் எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் வேண்டும். கோயில் நகரங்களில் கடைகள் பல கோயில் மனையில் உள்ளன. அவற்றின் குத்தகை உரிமையை இருவர் தம்முள் பேசிக் கைமாற்றிக்கொள்ள முடியாது. அறநிலையத் துறையின் முறைப்படியே பெயர் மாறவேண்டும். "பகடி கொடுத்து வாங்கிவிட்டேன்" என்று பழைய பெயரிலேயே வாடகை செலுத்திவருவோர் சட்டத்தாலும் தவறியவர், அறத்தாலும் தவறியவர். சிவன் சொத்து குலநாசம் என்று ஊரார் சொல்வது உண்டியலுக்கு மட்டுமன்று. நல்லூழாக, அம்மையாரின் கடை தனியார் கட்டடத்தில் இருந்தது.

சிறியதாகத் தோன்றும் இன்னும் இரண்டு. வாடிக்கையாளர் அனைவரிடமும் உள்ளது அம்மையாரின் கைப்பேசி எண். அதே எண்தான் அவருடைய வங்கிக் கணக்குக்கும் ஆதாருக்கும் உரியது. அவர் முதலில் வேறு எண் பெற்று அவற்றை மாற்றிக்கொண்ட பின்னரே, பழைய எண்ணும் வாட்ஸ்அப்பும் முறைப்படி இளையவர் பெயருக்கு மாறின. கல்லாவின் மேல் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையைக் கைமாறிய அன்றே அகற்றினர். அதனை மறந்துவிட்டால், புதியவர் விற்கும் ஒவ்வொரு தட்டின் பணமும் பழையவர் கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பதினைந்தாவது குடும்பம்

தை பிறந்தது. நல்ல நாள் பார்த்துக் கையொப்பமிட்டுச் சாவியை வெற்றிலை பாக்குடன் தாம்பாளத்தில் வைத்துத் தந்தார் அம்மையார். பதினான்கு குடும்பங்களின் தட்டுகளும் குறித்த நாளில் சென்றன.

வைகாசியில் ஒரு முதியவர் கடைக்கு வந்தார். கையில் மடிந்து பழுத்த ரசீது. பேத்தியின் திருமணம் ஒருமுறை தள்ளிப்போய் இப்போது கூடியிருந்தது. இருபத்தொரு தட்டுகளுக்கு 5,000 ரூபாய் முன்பணம், அம்மையாரின் கையெழுத்து. ஒப்பந்தத்தின் இணைப்பில் அப்பெயர் இல்லை.

"அந்தம்மா கடைன்னு வந்தேன். மாறினது தெரியாது" என்றார் முதியவர்.

பட்டியலில் இல்லாத கடனுக்கு இளையவர் பொறுப்பாளி அல்லர். எழுத்து அவர் பக்கமே இருந்தது. அவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உட்காருங்க ஐயா. முகூர்த்தம் என்னிக்கு?" என்று கேட்டு ஏட்டைத் திறந்தார்.

செய்தி அறிந்த அம்மையார் அன்று மாலையே ஆட்டோவில் வந்திறங்கினார். படியேற இயலாமல் வாசலிலேயே நின்று 5,000 ரூபாயை நீட்டினார். "போன வருஷத்து ஏட்டிலே எழுதினேன், புது ஏட்டுக்கு மாத்த விட்டுட்டேன். மறைக்கலையம்மா" என்றார்.

"தெரியும்மா. அதான் தட்டு கட்ட ஆரம்பிச்சுட்டேன்" என்றார் இளையவர்.

ஆடி மாதம் வந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் ஆடிப்பூரத்தன்று அம்பிகைக்கு வளைகாப்பு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அக்கடையிலிருந்து வளையல் தட்டுகள் ஒன்பது கட்டணமின்றிச் சென்றுவந்தன. எந்த ஒப்பந்தத்திலும் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது கடையின் கடமை அன்று, தம் சொந்த வேண்டுதல் என்று கருதிய அம்மையார், தம் செலவில் வளையல்களை வாங்கிக்கொண்டு கோயிலுக்குச் சென்றார்.

சன்னிதியில் ஒன்பது தட்டுகள் முன்னரே வைக்கப்பட்டிருந்தன. கட்டிய முறை சற்றே வேறாக இருந்தது. நாடா மட்டும் அவர் வழக்கமாக வாங்கும் அதே அரக்குச் சிவப்பு. அம்மையார் தாம் கொணர்ந்த வளையல்களைப் பத்தாவது தட்டாக அவற்றின் அருகில் வைத்துவிட்டுத் தீபாராதனைக்காகக் காத்து நின்றார்.